ஆழப் பக்கம்

முட்டிக்கு ஊசி போட்ட டாக்டர்
சீட்டில் எழுதியது ஒரே வரி:
தண்ணீரில் நட.
சிரித்துவிட்டேன்.
தண்ணீரில் நடந்தவரின் கதையைத்தான்
பக்கத்து வீட்டுச் சபைக்காரி
வாராவாரம் சொல்கிறாளே.

சனிக்கிழமை, ஏழரை மணி.
நார்த்டேலிலிருந்து இரண்டு டாக்சி மாறி
பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகராட்சிக் குளத்தின் கரையில்
நீச்சலுடைக்கு மேல்
மகனின் பழைய டீ-ஷர்ட்டோடு நின்றேன்.

முப்பத்தோரு வருஷம்
ஷூ தொழிற்சாலையில் மேல்தோல் தைத்தவள் நான்.
காலைப் பார்த்தால் அளவு சொல்வேன்.
வரிசையாகப் பதினாலு ஜோடி வெறுங்கால்:
ஐந்து, ஏழு, ஆறரை, மறுபடி ஏழு,
அகலமான எட்டு.
அகலமான எட்டுதான் ஆசிரியை.
பெயர் ஜபுலீலே.
என் கடைக்குட்டியைவிடச் சின்னவள்,
குரல் மட்டும் ஷிப்ட் மணி.

நுரைக்கட்டை இரண்டு கையில் கொடுத்தாள்.
எடையே இல்லை.
இதற்கா இவ்வளவு கூப்பாடு என்று பார்த்தேன்.
அமுக்கு என்றாள்.
அமுக்கினால் எழும்புகிறது.
இன்னும் அமுக்கினால்
கோபித்துக்கொண்டு எழும்புகிறது.
பாரத்தைத் தூக்குவதுதான் கஷ்டம் என்று
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
லேசானதைக் கீழே வைத்திருப்பது
தோள்பட்டையைக் கழற்றுகிற வேலை.

குதி. முழங்காலைத் தூக்கு. திரும்பு. உதை.
தண்ணீர் எதையும் மறுக்கவில்லை,
எதையும் சும்மா விடவும் இல்லை.

பாதியில் மின்சாரம் போய்ப் பாட்டு நின்றது.
யாருக்கும் ஆச்சரியமில்லை.
ஜபுலீலே ஜூலுவில் எண்ணத் தொடங்கினாள்:
குன்யே, குபிலி, குட்டாட்டு, குனே…
நாலுக்கு மேல் எனக்கு நாக்கு புரளாது.
ஐந்திலிருந்து தமிழில் எண்ணினேன்,
எட்டில் மூச்சு தீர்ந்தது.

பக்கத்தில் எழுபதைத் தாண்டிய ஒருத்தி,
மிஸஸ் ஃபூரி. ஐந்தரை, ஒடுக்கம்.
இந்த மூலையில்தான்
அண்ணன் எனக்கு நீச்சல் பழக்கினான் என்றாள்.
அப்போது ஓடெல்லாம் பச்சை, உனக்கு ஞாபகமிருக்கா?
கேட்ட பிறகுதான்
தான் கேட்டது அவளுக்கே கேட்டது.

பஸ் ஜன்னலிலிருந்து ஓட்டின் நிறம் தெரியாது என்றேன்.
வேலிக்கு மேலே தெரிந்தது குதிக்கிற பலகை,
அதன் நுனியில் கையை விரித்த ஒரு பையன்.
அதற்குள் பஸ் திரும்பிவிடும்.
அவர்கள் யாரும் தண்ணீரில் விழுந்ததை
நான் பார்த்ததே இல்லை.

அவள் பதில் சொல்லவில்லை.
இருவருக்கும் இன்னும் ஆறு உதை பாக்கி.

கடைசிப் பத்து நிமிஷம் ஆழப் பக்கம்.
இடுப்புக்கு மிதவைப் பட்டை.
என் சுற்றளவுக்கு வார் எட்டவில்லை.
மிஸஸ் ஃபூரி தனக்குக் கிடைத்த பெரியதைக் கழற்றி
என்னுடையதை வாங்கிக் கட்டிக்கொண்டாள்,
என் முகத்தைப் பார்க்காமல்.

கால் தேடியது. தரை இல்லை.
தொழிற்சாலையில், அடுப்படியில்,
டாக்சி வரிசையில், சுடுகாட்டில்கூட
ஐம்பத்தொன்பது வருஷம்
கூப்பிடாமலே அடியில் வந்து நின்ற ஒன்று
இங்கே வரவில்லை.
உள்ளே அலறினேன். வெளியே வந்தது
ஒரு விக்கல்.
சைக்கிள் மிதி! என்றாள் ஜபுலீலே.
சைக்கிளும் எனக்கு ஓட்டத் தெரியாது.
மிதித்தேன்.

முழுகவில்லை.
அவ்வளவுதான் செய்தி.

ஏணியின் மூன்றாம் படியில்
என் எடை காத்திருந்தது.
ஒரு கிராம் குறையாமல் எடுத்து மாட்டிக்கொண்டேன்.
முட்டி பழைய புகாரை ஆரம்பித்தது,
அதற்கும் மூச்சு வாங்கியதால்
பாதியில் விட்டுவிட்டது.

புதன்கிழமை தாமதிக்காதே என்றாள் ஜபுலீலே,
வருவாயா என்று கேட்காமலே.

மூன்று பேர் இருக்கையில் நாலாவதாக நெருக்கி உட்கார்ந்தேன்.
வேகத்தடையில் டாக்சி குதித்தபோது
காதுக்குள் ஒளிந்து வந்த குளம்
வெதுவெதுவென்று கழுத்தில் இறங்கியது.
துடைக்கவில்லை.

எதிரே இருந்த இளைஞன்
என் காலையே பார்த்துக்கொண்டு வந்தான்.
குனிந்தேன்.
முப்பத்தோரு வருஷம் ஷூ தைத்தவள்
இடம் வலம் மாற்றிப் போட்டிருந்தேன்.