மூன்றாம் வார்டு

வருகைப் பதிவு எடுக்கையில்
வாய் தவறி "ஓயலா" என்றேன்.
பதினோரு வருடப் பழக்கம்.
"இருக்கிறேன்" என்றது ஒரு குரல்
பார்வையாளர் வரிசையிலிருந்து.
எல்லோரும் சிரித்தார்கள்.
மேயர் பெட்டிட் மட்டும்,
"அதைக் குறிப்பில் ஏற்ற வேண்டாம்" என்றார்.
ஏற்றவில்லை. இங்கே எழுதுகிறேன்.

ரேமண்ட் ஓயலா சாகவில்லை.
ஊழல் செய்து ஓடவும் இல்லை.
மனைவியின் முழங்கால் மாடிப்படிகளை மறுத்துவிட்டது.
படியில்லாத வீடொன்று வாடகைக்குக் கிடைத்தது
ஆற்றுக்கு அப்புறம், மெரிட்டில்.
எங்கள் ஆல்டர் ஃபால்ஸிலிருந்து
பாலத்தின் மேல் நானூறு அடி.
நானூறு அடியில்
வாக்குப் போயிற்று, வார்டு போயிற்று.
மேசையிலிருந்த பெயர்ப்பலகையை
நான்தான் கழற்றினேன்.
இரண்டே திருகாணி.

அக்கரைக்கு இக்கரை பச்சை என்பார்கள்.
ஜனவரியில் இரண்டு கரையும் வெள்ளை.
எங்கள் பனிவாரி வண்டி
பாலத்தின் நடுவரை வரும்,
அலகைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கும்.
அவர்களுடையது அந்தப் பக்கமிருந்து வந்து
அதையே செய்யும்.
நடுவில் இடுப்பளவு மேடு:
எந்த ஊர்க் கணக்கிலும் வராத பனி.

அன்றைக்கு இரண்டு தீர்மானங்கள்.
காலி இடத்துக்கு ஆள் போடுவது.
பிறகு, மெரிட்டோடு சேர்ந்து
ஒரே தீயணைப்புக் குழு, ஒரே ஆம்புலன்ஸ், ஒரே பனிவாரி.
முதலாவது முடியாமல் இரண்டாவது நகராது.
உறுப்பினர் நால்வர், இரண்டுக்கு இரண்டு,
நவம்பரிலிருந்து அப்படியே உறைந்து கிடக்கிறது.

"நம் வரியில் வாங்கிய ஏணி
அவர்கள் கூரையில் ஏறுவதா?"
இது டெல்பர்ட் ஸ்ட்ராண்ட்.
"ஏணியைப் பிடிக்க நம்மிடம் எத்தனை பேர், டெல்பர்ட்?"
இது க்வெண்டலின் ரைஸ்.
ஆறு பேர்.
மான் வேட்டைக் காலத்தில் இரண்டு.

விண்ணப்பித்தவர்கள் மூவர்.
ஹெர்ஷல் நாய் வரியைப் பற்றி மட்டும் பேசினார்.
காப்பீட்டு முகவர் லாயிட் பாம்கார்ட்
எனக்கும் சேர்த்து முகவரி அட்டை கொடுத்தார்.
மூன்றாவது நொரீன் க்ரூபர்,
ஆம்புலன்ஸில் இரவுப் பணி.
பேச்சை எழுதி வரவில்லை.
"டிசம்பர் ஒன்பது, மெரிட்டிலிருந்து அழைப்பு.
அவர்கள் வண்டி பழுது. நாங்கள் போனோம்.
மேட்டுக்கு இந்தப் பக்கம் வண்டியை நிறுத்தினோம்.
அந்தம்மாவைக் கையில் தூக்கி
மேட்டைத் தாண்டினோம்.
அவ்வளவுதான் சொல்ல வந்தேன்."
ஓயலா தன் கையுறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியூர்க்காரருக்கு இரண்டு நிமிடம் என்று விதி.
அவர் முறை வந்தபோது
எழுந்து, ஒலிவாங்கியைச் சரிசெய்து,
"என் குப்பைத் தொட்டி இன்னும் எல்ம் தெருவிலேயே நிற்கிறது,
வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம்" என்றார்.
மீதி ஒன்றே முக்கால் நிமிடத்தைத்
திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

பாம்கார்டுக்கு இரண்டு, நொரீனுக்கு இரண்டு.
சமமானால் சீட்டு, அதுதான் சாசனம்.
இரண்டு துண்டுகளில் பெயர் எழுதினேன்.
போட்டுக் குலுக்கப் பாத்திரம் இல்லை.
எந்தப் பக்கமும் சாராத ஒரே கம்பளித் தொப்பி
ஓயலாவுடையது. கழற்றிக் கொடுத்தார்.
எடுத்தேன்:
பாம்கார்ட்.

டெல்பர்ட் நாற்காலியில் சாய்ந்தார், வென்றவர் போல.
பாம்கார்ட் உறுதிமொழி எடுத்தார்,
உட்கார்ந்தார், இருமினார்.
இரண்டாம் தீர்மானத்துக்கு
ஆதரவாகக் கை தூக்கினார்.
"இரவும் பகலும் ஆளிருந்தால்
வீட்டுக்கு வீடு பிரீமியம் குறையும்" என்றார்.
மூன்றுக்கு இரண்டு.
இரக்கத்தால் நகராதது
கணக்கால் நகர்ந்தது.

ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அமல்.
அதற்குள் அந்த மேடு
யாரையும் கேட்காமல் கரைந்திருக்கும்.

நொரீன் பணிக்குக் கிளம்பிப் போனார்.
விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தேன்.
ஓயலா தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு
பாலத்தை நோக்கி நடந்தார்.
பாதித் தூரம் போன பிறகுதான் நினைவு வந்தது:
எடுக்காத சீட்டு
இன்னும் அதற்குள்ளேயே இருக்கிறது.
கூப்பிடவில்லை.