ஒன்று மூன்றாகாது

ஆறாம் நம்பர் தூரிகை,
கால் டப்பா சிவப்பு எனாமல்.
ஓர் இலக்கத்துக்கு இரண்டு யூரோ,
ஏணி வைத்தால் மூன்று.
ஜாகோவா கடைவீதியில்
பெயர்ப்பலகை எழுதுகிறவன் நான்.
எங்கள் தொலைபேசியின் வரலாறு
அமைச்சருக்குத் தாளில் தெரியும்,
எனக்கு ஏணியில் தெரியும்.

முதலில் முப்பத்தெட்டு என்றொரு நாடு இருந்தது.
அது உடைந்தபோது
ஆளுக்கொரு கடைசி இலக்கத்தைப்
பிடுங்கிக்கொண்டு போனார்கள்.
குரோஷியாவுக்கு ஐந்து, ஸ்லோவேனியாவுக்கு ஆறு,
போஸ்னியாவுக்கு ஏழு, மாசிடோனியாவுக்கு ஒன்பது.
ஒன்று, பெல்கிரேடுக்கு.
எங்களை யாரும் கேட்கவில்லை.
அந்த ஒன்றுக்குள் கிடந்தோம்.

போர் முடிந்து கைப்பேசி வந்தது.
குறியீடு வாங்க எங்களுக்கு நாடு இல்லை.
மொனாக்கோவுடையதை இரவல் வாங்கினோம்.
கடலே இல்லாத ஊரில்
எல்லார் சட்டைப்பையிலும் ஒரு துறைமுகம்.
தக்காளி விற்கும் ஹைசென், மொனாக்கோ.
சவப்பெட்டி செய்யும் ரமிஸ், மொனாக்கோ.
அடுத்து வந்த கம்பெனி ஸ்லோவேனியாவிடம் போனது.
வீட்டுக்குள் செர்பியா மணியடிக்கும்
வலப்பையில் மொனாக்கோ அதிரும்
இடப்பையில் ஸ்லோவேனியா
சார்ஜ் இல்லாமல் கிடக்கும்.

விண்டர்தூரில் இருக்கும் என் மச்சான் பெக்கிம்
மாதக் கடைசியில் பில்லைப் பிரித்தால்
மொனாக்கோ, மொனாக்கோ,
நாற்பத்தொரு நிமிடம் மொனாக்கோ.
அவன் மனைவி ரெகுலா இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள் கேட்டாள்:
சூதாட்டமா, பெண்ணா?
அம்மா, என்றான்.
மிளகாய் காயப்போடும் மூலையில்தான்
அம்மாவுக்கு சிக்னல் கிடைக்கும், என்றான்.
அதை நம்ப அவளுக்கு
ஒரு கோடை விடுமுறை தேவைப்பட்டது.

இரண்டாயிரத்துப் பதினாறு டிசம்பரில்
383 வந்தது.
பிரஸ்ஸல்ஸில் மேசை போட்டு
இரண்டு பக்கமும் தண்ணீர் பாட்டில் வைத்துப்
பேசிப் பேசி வாங்கியது.
நான் பலகையைப் பார்த்தேன்.
381.
மாற வேண்டியது ஒரே ஓர் இலக்கம்.
எட்டாக இருந்தால் பாதியை அழித்து
மூன்றாக்கிவிடலாம்.
ஒன்று அப்படி வளையாது.
சுரண்டித்தான் ஆக வேண்டும்.

அந்தக் குளிர்காலத்தில் நூற்றுப்பதினேழு ஒன்றுகளைச் சுரண்டினேன்.
பல் மருத்துவர், சலூன், இரண்டு கல்யாண மண்டபம்.
சிலர் பலகையோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.
ஒருவர் அழுதார், பிறகு பேரம் பேசினார்.

கடைசியாகப் பாலத்தடியில் செவ்தியேயின் பஞ்சர் கடை.
பலகையில் கணவர் பெயர், மூர்தெசா.
சுவிஸிலிருந்து காரில் வருகிறவர்களுக்காக
நாட்டுக் குறியீட்டோடு அவரே எழுதியது.
தொழில் தெரியாத கை, எழுத்து வலப்பக்கம் சரியும்.
தொண்ணூற்றொன்பது ஏப்ரலில்
கூட்டிக்கொண்டு போனார்கள்.

தயங்கிச் சொன்னேன்:
அந்த ஒன்று அவர் போட்டது.
வேண்டாமென்றால் விட்டுவிடுகிறேன்.

டயருக்குள்ளிருந்து கையை எடுக்காமல் கேட்டாள்:
"வெளிநாட்டிலிருந்து கூப்பிடத்தானே அந்த எண்?"
ஆமாம்.
"இந்தப் பக்க மண்ணில் இருந்தால்
அவருக்குக் குறியீடு தேவையில்லை.
அந்தப் பக்கம் இருந்தால்
அவரா கூப்பிடப் போகிறார்?
தோண்டி எடுத்தவர்கள் கூப்பிடுவார்கள்.
அவர்களுக்குச் சரியான எண் தெரியட்டும்.
எழுது."

சுரண்டினேன்.
பெயிண்டுக்கு அடியில் ஒரு பென்சில் கோடு.
எழுத்து நேராக வரட்டுமென்று போட்டிருக்கிறார்,
அப்படியும் சரிந்திருக்கிறது.
அந்தக் கோட்டின்மேலேயே மூன்றை நிறுத்தினேன்,
மற்ற இரண்டோடு ஒத்துப்போக
கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்து.

ஏணி வைத்ததற்கு மூன்று யூரோ.
இரண்டுதான் கொடுத்தாள்.
மீதிக்கு என் சைக்கிளின் பின்சக்கரத்தில்
காற்று அடித்துத் தந்தாள்.