வருகைப் பதிவு

தோ பாயோ நூலகம், மூன்றாம் மாடி,
சனிக்கிழமை, நாலரை மணி.
பேர் கொடுத்தவர்கள் பதினொருவர்.
மழையைத் தாண்டி வந்தவர்கள் ஆறு பேர்.
குறிப்பெழுதுவது என் வேலை.
படிவத்தில் ‘வாசகர் கருத்து’ என்ற கட்டத்துக்கு
இரண்டு வரி இடம் விட்டிருக்கிறார்கள்.

இந்த மாதம் ஓர் அமெரிக்கர்.
செத்து நூறு வருஷமாகிறது.
ஒரு கவிதைத் தொகுப்பு, ஒரு நாவல்,
அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில்
வேறொருவர் எழுதிய அவர் வாழ்க்கை.
நாவலை யாரும் முடிக்கவில்லை.
“பண்ணைக்கு வேலி போடவே
நூற்றெட்டுப் பக்கம் ஆகுது.
அதுக்குள்ள நம்ம எச்டிபி
ஒரு புளோக்கே கட்டிடும்” என்றார் இளங்கண்ணன்.
காப்புறுதி விற்கிறவர்; எதிலும்
முடிவுத் தேதியை முதலில் தேடுவார்.

ஜரினா கவிதையை வாசித்தார்.
பனி பெய்த காலையைப் பற்றிப் பதினாறு வரி.
தொடக்கக் கல்லூரியில் பாடம் நடத்தும் குரல்,
கமா வந்த இடத்தில் நாங்களும் மூச்சை நிறுத்தினோம்.
நிசப்தம் எப்படி ஒவ்வொரு சொல்லின் மேலும்
படிகிறது பாருங்கள் என்றார்.
பார்த்தோம்.
குளிர்சாதனம் இருபத்தொரு டிகிரியில் ஓடியது,
அவரைத் தவிர எல்லோரும்
கைகளைக் கட்டிக்கொண்டிருந்தோம்.

கோமளா அருளப்பன் சிறுநீரகப் பிரிவில் தாதி.
இரவு வேலை முடித்துத் தூங்காமல் வந்திருந்தார்.
வாழ்க்கை வரலாற்றில்
கடைசி அத்தியாயம் மட்டும் படித்திருக்கிறார்.
“நுரையீரல்ல தண்ணி கோத்திருக்கு,
அமைதியாகக் கண்மூடினார்னு எழுதறாரு.
அப்படி யாரும் மூடறதில்ல.
கட்டில் கம்பியைப் பிடிச்ச பிடியை
நாங்கதான் ஒவ்வொரு விரலாப் பிரிச்சு எடுப்போம்.”
யாரோ பிஸ்கட் பொட்டலத்தை உடைத்துக்கொண்டிருந்தார்,
பாதியில் நிறுத்தினார்.

பொன்னுரங்கம் அதுவரை வாய் திறக்கவில்லை.
ஜூரோங்கில் குளிர்பதனக் கிடங்கு.
மைனஸ் இருபத்திரண்டில்
இறாலும் ஆட்டுத் தொடையும் அடுக்கிய சந்துகளில்
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார்.
எங்களில் பனியை அறிந்தவர் அவர் ஒருவர்தான்
என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.
“இமை ஒட்டிக்கும்” என்றார்.
“கம்ப்ரஸர் நிக்கவே நிக்காது.
குளிர்ல நிசப்தம்னு ஒண்ணும் கிடையாது, டீச்சர்.”
பிறகு புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி
நாலாவது வரியில் விரலை வைத்தார்.
“ராத்திரி பூரா பெய்ஞ்சிருக்கு.
இவரு எழுந்து வர்றப்ப
வாசல்லேருந்து கேட்டு வரைக்கும் பாதை இருக்கே.
யார் அள்ளினது?”

ஜரினாவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன்.
அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு
தடித்த புத்தகத்தின் பின்பக்கம் போனார்.
சொல்லடைவில் மனைவி இருந்தார், காதலி இருந்தார்,
மூன்று நாய்கள் பெயரோடு இருந்தன.
கூலியாள்: பார்க்க, பண்ணைச் செலவு.
பண்ணைச் செலவு: பக்கம் முந்நூற்றுப் பதினொன்று.
அங்கே பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு.
பனி அள்ள ஒரு பையன், வாரம் இரண்டு டாலர்,
ஐந்து குளிர்காலம்.
பெயர் கிடைக்கவில்லை.

இளங்கண்ணன் மனசுக்குள் பெருக்க ஆரம்பித்து
விட்டுவிட்டார்.

“அப்ப கவிதை மோசம்ங்கறீங்களா?”
ஜரினா மெதுவாகத்தான் கேட்டார்,
தெரிந்துகொள்ள.

“நல்லாத்தான் இருக்கு.
பஸ்ல நாலு தடவை படிச்சேன்.
அதான் கோவம்.”

ஐந்தரைக்கு அடுத்த குழு கதவைத் தட்டியது,
கம்பளி பின்னுகிறவர்கள்.
நாற்காலிகளை மடக்கிச் சுவரில் சாத்தினோம்.
படிவத்தை இரவில்தான் நிரப்பினேன்.
கவிதை பிடித்திருந்தது. நாவல் நீளம்.
வாழ்க்கை வரலாறு பற்றி மாற்றுக் கருத்துகள் உண்டு.
இரண்டு வரி தீர்ந்துவிட்டது.
வருகை: ஆறு என்று எழுதி,
அடித்து,
ஏழு என்று எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை நூலகத்திலிருந்து மின்னஞ்சல்,
பணிவான, வழக்கமான மொழியில்:
ஏழாம் நபரின் பெயர் விடுபட்டிருக்கிறது.
தெரிவிக்கவும்.