செவ்வாய்ப்பேட்டையில் தொண்ணூற்றைந்து டிகிரி

டிபன் டப்பா அளவுதான் இந்தக் கம்ப்யூட்டர்.
கொலுசு டிசைனில் அறுபதாவது முத்தைக் கோக்கும்போது
கிரைண்டராய் இரையத் தொடங்கும்.
திரை மூலையில் தொண்ணூற்றைந்து.
மவுஸ் நகரமாட்டேன் என்கிறது.

சுவருக்கு அந்தப் பக்கம் இருசப்பன்
தொள்ளாயிரத்து அறுபதில் வெள்ளி உருக்குகிறார்.
"நூறுகூட ஆகல, அதுக்குள்ளயா?"
ஏற்காட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்கிறார்,
இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டினால்
தானாகச் சரியாகுமாம்.

ஞாயிறு மதியம் நாலு திருகைக் கழற்றினேன்.
ஃபேன் இடுக்கெல்லாம் பாலிஷ் தூசி,
கறுப்பு; வெயிலில் பிடித்தால் ஒரு மினுக்கு.
காய்ந்த பேஸ்ட்டைச் சுரண்டி
பட்டாணியில் பாதி புதிதாய் வைத்து மூடினேன்.
எழுபத்தெட்டு.

மே மாதம் அதையும் தின்றது.

கடைசியில் பயாஸுக்குள் போய்
அறுபத்தைந்து வாட்டை
முப்பத்தைந்தாக்கிவிட்டேன்.
ஒரு டிசைனுக்குப் பதினோரு நிமிடம் கூடுதல்,
சேட்டு கேட்டால் கரண்ட் போச்சு என்று சொல்லிக்கொள்ளலாம்.

இரைச்சல் அடங்கியதில்
பக்கத்து அறை கேட்கிறது:
ஊதுகுழல், இருமல்,
நடுவில் நிறுத்தி
சொம்புத் தண்ணீரை அவர் குடிக்கும் சத்தம்.

தூசியை வீசிவிடாதே என்றார்.
காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன்.
கால் கிராம் தேறுமாம்.