சான்றாவணம் 14

இந்தப் படத்தில்
ஏரிக்கரையில் நடந்துபோகும் குடும்பத்துக்கு
நிழல் இல்லை.
ஆறு வருஷம் கழித்துத்தான் அதைக் கண்டேன்,
தீர்ப்பாயத்தின் ஏழாம் மாடியில்
எங்கள் வக்கீல் படத்தை மேசையில் விரித்து
“இதையா காட்டினார்கள்?” என்று கேட்டபோது.

இதைத்தான் காட்டினார்கள்.
டார்னீட்டில் ஒரு சனிக்கிழமை,
கொடிகள் படபடத்த விற்பனைக் கூடாரத்தில்,
சாசேஜ் சுடும் புகைக்குள்.
நீலம் தடவிய இடத்தில் விரலை வைத்து
“மூன்றாம் கட்டம் முடியத் தண்ணீர் விடுவோம்” என்றான்
டை கட்டிய பையன்.
ஏரியைப் பார்த்த காணிக்கு
நாற்பத்தோராயிரம் கூட.
கொடுத்தோம்.
லோகேந்திரன் அந்தக் கிழமையே
யாரோ பாவித்த மஞ்சள் கயாக் ஒன்றை
நூற்றிருபதுக்கு வாங்கி வந்தார்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது,
தெரியும்.
ஏட்டு ஏரிக்குப் பராமரிப்புக் கட்டணம் உண்டு என்பது
இங்கே வந்துதான் தெரியும்:
காலாண்டுக்கு எண்பத்தாறு டொலர்,
பில்லில் நான்காவது வரி.

வேலிக்கு அப்பால் ஒரு குழி.
கருங்கல், முள்ளுப்புல்,
காற்று கொண்டுவந்து போட்ட ஒரு டிரம்போலின்.
கிளப் ஹவுஸ் வரவேண்டிய கொங்கிரீட் தளத்தில்
ஒன்பது குழாய்கள்
வானத்தைப் பார்த்து வாய் திறந்திருந்தன.

அறுபத்துமூன்று வீடுகள் கையெழுத்து வைத்தோம்.
விசாரணை தொடங்கும்போது இருபத்திரண்டு.
மற்றவர்கள் விற்றுவிட்டுப் போனார்கள்,
அதே படத்தைக் காட்டியா என்று
நாங்கள் கேட்கவில்லை.

ஹோடன் மாதம் ஒரு படம் எடுத்து வைத்திருந்தாள்,
ஒரே ஜன்னல், ஒரே குழி,
எழுபத்தொரு படம்.
திரையில் ஒவ்வொன்றாகப் போட்டார்கள்.
குழி அசையவில்லை.
கண்ணாடியின் கீழ் ஓரத்தில் மட்டும்
ஒரு கைரேகைப் பிசுக்கு
மெல்ல மெல்ல மேலே ஏறியது.
அவள் மகன்.
நாற்பதாம் படத்தில் அது தாழ்ப்பாளை எட்டியபோது
ரொவெனா என் முழங்கையைப் பிடித்தாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் மரியாதையானவர்.
படத்தின் அடியில் எறும்பு ஊர்ந்ததுபோல் கிடந்த எழுத்தை
என்னைக்கொண்டே வாசிக்கச் செய்தார்:
ஓவியரின் கற்பனை.
“அம்மணி, நீங்கள் வாங்கியது வீடா, ஏரியா?”
“வீடு” என்றேன்.
“ஏரிக்கு வட்டி கட்டுகிறேன்.”
யாரோ சிரித்தார்கள்.
சிரிக்கச் சொன்னதல்ல.

பிறகு ஒக்டோபர் மழை.
நான்கு நாள் விடாமல்.
ஐந்தாம் நாள், இடத்தைப் பார்வையிட
தீர்ப்பாய உறுப்பினர் ரப்பர் பூட்ஸ் போட்டு வந்தார்.

குழி நிறையத் தண்ணீர்.
அதில் இரண்டு வாத்து,
யாரோ கூலி கொடுத்து விட்டதுபோல
அவ்வளவு அழகாக.

“நீர்” என்றார் அந்த மரியாதையான வக்கீல்.
“பறவைகள்.”
வேறொன்றும் சொல்லவில்லை.

லோகேந்திரன் ஓடிப்போய்த்
திரைச்சீலைக் கம்பியை எடுத்துவந்து இறக்கிப் பார்த்தார்:
முப்பத்தொரு சென்ரிமீற்றர்.
உறுப்பினர் குறித்துக்கொண்டார்.
அந்த நேரம் பார்த்து
பள்ளிச் சீருடையில் வந்த ஹோடனின் மகன்
வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு
கத்தினான்:
“உம்மா! ஏரி வந்துட்டுது!”

அதையும் ஒருவர் குறித்துக்கொண்டார்.
எங்கள் பக்கத்து ஆள் அல்ல.

ஹோடன் அவனை அதட்டவில்லை.
குனிந்து, சப்பாத்து நாடாவைக் கட்டிவிட்டாள்.
அது அவிழ்ந்தே இருக்கவில்லை.

தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.
தண்ணீர் இன்னும் வற்றவில்லை.
நேற்றிரவு வாத்துகள் நான்கு.
லோகேந்திரன் கராஜுக்குப் பின்னால் நின்று
கயாக்கின் சிலந்தி வலைகளைத் துடைப்பத்தால் எடுத்தார்.
ஒரு சுற்று, ஒரே ஒரு சுற்று என்றார்,
இருட்டில் யாருக்குத் தெரியும்.

இது மிதந்தால் வழக்கு மூழ்கும் என்றேன்.

இரண்டு பேருமாகத் தூக்கி
உள்ளே வைத்துப் பூட்டினோம்.
பாரமே இல்லை.
வாத்துகள் விடியும்வரை கதைத்துக்கொண்டிருந்தன,
ஜன்னலைச் சாத்தினேன்,
பிறகு எழுந்து
ஒரு சாண் திறந்துவிட்டேன்.