மலிவான மணிகள்

கடைசி ரயிலில் லேவார்டன் போய்
முதல் ரயிலில் ஹார்லிங்கன் திரும்புகிறவள் நான்.
மின்சாரம் மலிவாகிற மணிகளில்
ஒருநாளும் வீட்டில் இருந்ததில்லை.

இரவு இரண்டுக்கு யூனிட் ஒன்பது சென்ட்.
மாலை ஆறுக்கு முப்பத்தெட்டு,
ஊரே உருளைக்கிழங்கு வேகவைக்கும் நேரம்.
வொப்பே இதைக் கட்டம் போட்ட நோட்டில்
பென்சிலால் எழுதி வைக்கிறான்.
அழித்து எழுத வசதி என்கிறான்.

கூரையில் பன்னிரண்டு சோலார் பலகைகள்.
ஆறு கிழக்கே, ஆறு மேற்கே,
பேச்சு நின்றுபோன சம்பந்திகள் மாதிரி.
சைக்கிள் கொட்டகையில் பேட்டரி.
ஹைட்ரேஞ்சா செடியை ஒட்டி ஹீட் பம்ப்.
கடற்காற்றின் குளிருக்குள்ளிருந்து
அது சூட்டை எடுக்கிறது.
கல்லில் நார் உரிப்பதென்றால் இதுதான்.

ஒரு யூனிட் கொடுங்கள், நாலு யூனிட் சூடு வரும்
என்று சொல்லித்தான் விற்றார்கள்.
முதல் குளிர்காலம் நாங்கள் பார்த்தது இரண்டு, இரண்டரை.
டிசம்பர் வெயிலில் பலகைகள் நாள் முழுக்கச் சம்பாதித்தது
குளிர்பெட்டிக்கும் கெட்டிலுக்கும் சரியாய்ப் போனது.

வொப்பேவின் முறை இது:
விலை ஏறினால் அணை, இறங்கினால் முடுக்கு.
மாலையெல்லாம் வீடு விறைக்கும்.
நள்ளிரவில் தண்ணீரை ஐம்பத்தைந்துக்கு ஏற்றுவான்.
யந்திரம் மலையேறும் லாரியாய் உறுமும்.
யில்டாவ் மூன்று சாக்ஸ் போட்டுக்கொண்டு
வீட்டுப்பாடம் எழுதினாள்.
ஜனவரி பில் முந்நூற்றுப் பன்னிரண்டு யூரோ.

ஒரு புயல் இரவில் வார்டுக்கே போன் செய்தான்.
"சீட்ஸ்கே, விலை பூஜ்யத்துக்குக் கீழே!
எரிக்க எரிக்க நமக்குக் காசு தருகிறார்கள்!"
பின்னால் வாஷிங் மெஷின், ஓவன்,
எதற்கென்றே தெரியாமல் ஹேர் டிரையர்.
எனக்கு அப்போது பேச நேரமில்லை.

சிப்பிப் படகிலிருந்து விழுந்த ஒரு பையனைக்
கொண்டுவந்திருந்தார்கள்.
உடம்பு இருபத்தொன்பது டிகிரி.
உதடு கத்தரிக்காய் நிறம்.
மணிக்கு ஒரு டிகிரி, அதற்கு மேல் வேண்டாம் என்றார் டாக்டர்.
அவசரப்பட்டுக் கைகாலைச் சுட வைத்தால்
அங்கே உறைந்து நின்ற குளிர்
நெஞ்சுக்குத் திரும்பி ஓடும்.
இளஞ்சூட்டுக் காற்றுப் போர்வை.
நான் பக்கத்தில் உட்கார்ந்து
முப்பது என்று எழுதினேன், முப்பத்தொன்று என்று எழுதினேன்.
வொப்பேவின் நோட்டு நினைவுக்கு வந்தது,
வெட்கமாகவும் இருந்தது.
விடியும்போது அவன் கண் திறந்து
தன் பூட்ஸ் எங்கே என்று கேட்டான்.

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல்
தண்ணீரை முப்பத்துநாலில் வைத்தேன்.
இனி யாரும் அணைக்கக் கூடாது என்றேன்.
அடுப்பில் பாலைச் சிம்மில் வைப்பதில்லையா, அப்படி.
அவன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.
ரேடியேட்டர் கெட்டுப்போச்சு என்றாள் யில்டாவ்.
தொட்டால் பூனை வயிற்றுச் சூடுதான்.
ஆனால் மூன்றாம் நாள்
ஒரு ஜோடி சாக்ஸ் சோபாவுக்கு அடியில் கிடந்தது.

பேட்டரியை மட்டும் அவனிடமே விட்டேன்.
இரண்டிலிருந்து ஐந்துக்குள் நிரப்புகிறான்,
பாதியை மாலை ஆறுக்கென்று பூட்டி வைக்கிறான்.
பம்ப் இப்போது முணுமுணுக்க மட்டும் செய்கிறது.
கடும்பனி நாட்களில் தன்மேல் படிந்த உறைபனியைத்
தானே உருக்கி ஆவி விடும்.
ஸ்யூர்ட் வேலிக்கு அப்பாலிருந்து
தீயா என்று கத்துவார், வாரத்துக்கு ஒருமுறை.

பிப்ரவரி பில்லைப் பற்றி வொப்பே எதுவும் சொல்லவில்லை.
நோட்டைத் திருப்பிப் பார்த்தேன்.
நூற்றுத் தொண்ணூற்றாறு.
பென்சிலில் இல்லை, பேனாவில்.

இது மார்ச்.
காலை ஏழே முக்கால்.
கொட்டகையில் சைக்கிளைச் சாத்தும்போது
பேட்டரியின் சின்னத் திரையில் பதினொரு சதவீதம்.
நானும் ஏறக்குறைய அவ்வளவுதான்.
கிழக்கே பார்த்த ஆறு பலகைகளில்
வெயில் ஏற ஆரம்பித்திருக்கிறது.
திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுக்கிறேன்.
மதியத்துக்கு மேல் மற்ற ஆறும் சேர்ந்துகொள்ளும்.