ஒரு கட்டு வெள்ளைத்தாள்

பாரா மாற இன்னும் ஒரு மணி நேரம்.
குடமுருட்டிப் பக்கம் தவளைகள் ஓயவில்லை.
உன் கேள்வி மூன்று நாளாய் என் போனில் கிடக்கிறது, இசைவாணி:
"அக்கா, போலீசுக்கு எழுதலாமா?"

அக்கா என்கிறாய்.
உன்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவள்.
எப்படித் தெரியும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

லேசானது முதலில்.
நானூறு மீட்டரை அறுத்த வயலில் ஓடிப் பழகு,
தாள் குத்தும், கணுக்கால் கெட்டிப்படும்.
நீளம் தாண்ட வாய்க்கால் இருக்கிறது.
உயரம் அளக்கிற அன்று கொண்டை போடாதே,
அழுத்திப் பார்ப்பார்கள்.

சம்பளம் மாதம் பிறந்தால் வரும். தூக்கம் வராது.
ஆடிப்பெருக்கன்று ஊரே கட்டுச்சோற்றோடு ஆற்றுக்கு வரும்;
நீ படித்துறையில்
ஆற்றுக்கு முதுகு காட்டி நிற்பாய்.
தேர் பந்தோபஸ்தில் பதினாலு மணி நேரம்
கழிப்பறை கிடையாது.
தண்ணீர் குடிக்காமலிருக்கக் கற்றுக்கொள்வாய்,
காவிரி பாயும் ஊரில்.

மேட்டூர் திறந்த பத்தாம் நாள் எங்கள் சரகத்தில்
ஒரு மடை, ஒரு மண்வெட்டி, ஒரு மண்டை.
வெட்டியவனும் வெட்டுப்பட்டவனும் பங்காளிகள்.
ரத்தத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டேன்.
திறந்து கிடந்த மடைவழி தண்ணீர் வந்து
கோட்டை அழித்தது. மறுபடி போட்டேன்.
மறுபடி அழித்தது.
யாரும் மடையை மூடச் சொல்லவில்லை,
இரண்டு வயலும் காய்ந்திருந்தன.

ராத்திரி மணல் டிராக்டரை மறித்தால்
ஓட்டுகிறவன் பெயர் சொல்லிக் கூப்பிடுவான்,
பத்தாம் வகுப்பில் கூடப் படித்தவன்.
சாவியை உருவுவதற்குள் போன் அடிக்கும்.
யாரென்று எழுத மாட்டேன்.
ஒருமுறை எடுக்காமலிருந்தேன்:
ஆறு மாதம் கோடியக்கரைச் சோதனைச்சாவடி,
உப்புக்காற்று.
திரும்பி வந்த பிறகு எடுத்தேன்.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது அந்தக் கடைசி.
போன தை மாதம், உங்கள் போர்செட்டில்
செம்பு ஒயரை எவனோ அறுத்துப்போன மறுநாள்,
அப்பாவோடு வந்தாய்.
பத்தரையிலிருந்து இரண்டரை வரை வாசல் பெஞ்சு.
உட்காரச் சொன்னவள் நான்.
"ரைட்டர் வரட்டும்" என்றேன்.
ரைட்டர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.
பிறகு, "வெள்ளைத்தாள் வாங்கிட்டு வாங்க" என்றதும் நான்தான்.
உன் அப்பா கடைத்தெரு வரை வெயிலில் போய்
இரண்டு தாள் வாங்கி, கசங்காமலிருக்கச்
சட்டைக்குள் வைத்து வந்தார்.
ஒன்று வியர்வையில் ஊறியிருந்தது.
மற்றதில் நீ எழுதினாய்,
பெயர், வயது, நல்ல குண்டுக் கையெழுத்து.

அலமாரியில் ஒரு கட்டுத் தாள் இருந்தது, இசைவாணி.
பிரிக்காதது.

எழுது. கோச்சிங் சென்டரில்
சட்டமும் கணக்கும் சொல்லித்தருவார்கள்.
அந்த பெஞ்சில் எந்தக் கால் ஆடும் என்று
உனக்குத் தெரியும்.
எங்களில் யாருக்கும் தெரியாது.

ஒயர் கிடைக்கவில்லை.
சந்தேகப்படுகிற ஆள் இருக்கிறான்,
அவனுக்கும் ஒரு போன் வரும்.
பாராவுக்கு ஆள் வந்துவிட்டார்.
அனுப்பலாமா, அழித்துவிடலாமா என்று
இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.